எல்லாம் சரியாகச் சொன்னவர்

கோஜே தீவில் குளிர்காலக் காற்றுக்கு ஒரு திசை கிடையாது. காலையில் கடலிலிருந்து வரும். வெயில் ஏறியதும் மலையிலிருந்து இறங்கும். சாயங்காலம் இரண்டும் கப்பல் கட்டும் தளத்துக்கு மேலே முட்டிக்கொண்டு, கிரேன் கம்பிகளை ஊளையிட வைக்கும். அந்த ஊளை கேட்டதும் சிப்பி உரிக்கும் கொட்டகைப் பெண்கள் ஒரு கையுறைக்கு மேல் இன்னொன்றை மாட்டிக்கொள்வார்கள். ஓக் மாலிம் மட்டும் மாட்டமாட்டாள். இரண்டு கையுறை போட்டால் சிப்பியின் வாய் எங்கே இருக்கிறதென்று கைக்குத் தெரியாது, கத்தி உள்ளங்கையில் ஏறிவிடும் என்பாள். அவளுடைய இடது உள்ளங்கையைப் பார்த்தவர்கள், ஒரு கையுறை போட்டாலும் ஏறும் என்று தெரிந்துகொள்வார்கள்.

அவள் கொட்டகைக்குப் போவது சனி, ஞாயிறு மட்டும். மற்ற நாளெல்லாம் புருஷன் பக்கத்திலேயே இருக்க வேண்டும். சனிக்கிழமை காலை பஸ்ஸில் மகள் தாஜோங் வந்து இறங்கினால்தான் மாலிம் ரப்பர் பூட்ஸைத் தொட முடியும். வாசலில் ஒருத்தி உள்ளே வர, ஒருத்தி வெளியே போவாள்.

"சோறு இருக்கு. மீன் குழம்பு இருக்கு. காஸ் வால்வ மூடி, பிடியக் கழட்டி எடுத்துக்கிட்டேன். அப்பா கேட்டா, இல்லைன்னு சொல்லு." வாராவாரம் தாயும் மகளும் பேசிக்கொள்வது அவ்வளவுதான்.

புருஷன் மா தொக்சு கல்யாணத்துக்கு முன்பிருந்தே வெல்டர். இரண்டு வருஷத்துக்கு முன் ஒரு கப்பலின் அடித்தொட்டிக்குள் வேலை செய்துகொண்டிருந்தபோது சாரப் பலகை நழுவி, பலகையோடு அவரும் கீழே போனார். உடம்பு தேறிவிட்டது. தோளும் காலும் பழைய மாதிரி. பார்க்கிறவர்கள், இவருக்கு என்ன குறை என்று கேட்பார்கள். குறை வீட்டுக்குள் இருக்கிறவர்களுக்குத்தான் தெரியும். காலையில் சொன்னது மத்தியானம் இருக்காது. தண்ணீரை அடுப்பில் வைத்துவிட்டு, வைத்ததையே மறந்து மாடிக்குப் போய்விடுவார். கெட்டில் இரண்டு முறை உருகிவிட்டது. பஸ் நிறுத்தம்வரை நடந்து போனால், திரும்பி வர எந்தச் சந்து என்று தெரியாமல் பெட்டிக்கடை முன்னால் நிற்பார். நிற்பது அவமானமாக இருப்பதால் யாருக்கோ காத்திருப்பதுபோல் கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு நிற்பார். கடைக்காரி மாலிமுக்குப் போன் செய்வாள்.

அவர் விழுந்த அடுத்த வருஷம்தான் தாஜோங், தேகு நகரத்துக்குப் பக்கத்தில் ஒரு பல்கலைக்கழகத்தில் மறுவாழ்வு உளவியல் முதுகலையில் சேர்ந்தாள். அடிபட்டவர்களிடம் என்ன மிச்சம் இருக்கிறது, அதை வைத்துக்கொண்டு அவர்கள் எப்படிப் பிழைப்பது என்று பார்க்கிற படிப்பு. அப்பா மருத்துவமனையில் கிடந்தபோது, மூளை டாக்டர் நின்றபடி நாலு வார்த்தை சொல்லிவிட்டுப் போனார். ஒரு உளவியல்காரி மட்டும் உட்கார்ந்து, பொறுமையாகச் சோதனைகள் வைத்து, இனிமேல் இவர் எதைச் செய்வார், எதைச் செய்யமாட்டார் என்று பிரித்துச் சொன்னாள். அவள் சொன்னதெல்லாம் அப்படியே நடந்தது. தாஜோங்கை அந்தப் பக்கம் இழுத்தது அதுதான்.

தொக்சு அதை மண்டை ரிப்பேர் படிப்பு என்பார். கடைக்காரியிடம், "என் மண்டையில ஆரம்பிச்சிருக்கா, அடுத்து உன் மண்டைக்கு வருவா" என்று ஒரு தரம் சொன்னார். அன்றைக்கு எல்லோரும் சிரித்தார்கள். மறந்துவிட்டு அதையே தினமும் சொல்ல ஆரம்பித்ததும் யாரும் சிரிக்கவில்லை.

அந்தப் படிப்பில் புத்தகம் பாதி, பெட்டி பாதி. பெட்டிக்குள் சிவப்பும் வெள்ளையுமாகக் கட்டைகள், படத் தாள்கள், ஒரு நிறுத்துக் கடிகாரம். எதிரே ஓர் ஆளை உட்கார வைத்து, எழுதியிருக்கிற வார்த்தை ஒன்றுகூட மாறாமல் கேட்டு, அவர் சொல்வதைக் குறித்துக்கொள்ள வேண்டும். கேள்வி கேட்கும்போது தலை ஆடக் கூடாது. சரியாகச் சொன்னாலும் முகம் மலரக் கூடாது. பேராசிரியர் முன்னால் பிசகில்லாமல் செய்து காட்டினால்தான் மருத்துவமனைப் பயிற்சிக்கு அனுப்புவார்கள். அதற்கு ஆள்மேல் ஆளாகப் பழக வேண்டும். ஆளுக்கு எங்கே போவது? முதல் வருஷப் பிள்ளைகளுக்குக் கோழி வறுவல் வாங்கிக் கொடுத்து உட்கார வைப்பார்கள். அவர்களும் தீர்ந்துபோவார்கள். ஒருவருக்கு ஒரு முறைதான் வைக்கலாம், குடும்பத்து ஆளுக்கு வைக்கவே கூடாது, பெட்டி துறையை விட்டு வெளியே போகவே கூடாது என்பது விதி. மூன்றையும் எல்லோரும் கொஞ்சம் கொஞ்சம் மீறுவார்கள். தாஜோங் மூன்றையும் ஒரே ஆளிடம் மீறினாள்.

போன வசந்தத்தில் ஒரு சனிக்கிழமை, பெட்டியை அழுக்குத் துணிக்குள் சுற்றிப் பையில் போட்டுக்கொண்டு வந்தாள். நேரம் பிடித்துப் பழகத்தான். குளிருக்குச் சூடேற்றியிருந்த தரையில் சாப்பாட்டு மேசையை இழுத்துப் போட்டு அப்பாவை எதிரே உட்கார வைத்தாள். பதினைந்து வார்த்தை படித்தால் அவரால் மூன்று சொல்ல முடிந்தது. நாலாவதற்கு மேசையைக் குத்தினார். கட்டைகளைத் தள்ளிவிட்டார். இது சின்னப் பிள்ளை விளையாட்டு, என்னை என்ன நினைத்தாய் என்று கத்தினார். அவள் பெட்டியை மூடிவிட்டாள்.

அடுத்த சனிக்கிழமை அவள் செருப்பைக் கழற்றுவதற்குள், "அந்தப் பெட்டி கொண்டாந்தியா?" என்றார்.

தாஜோங் அப்படியே நின்றுவிட்டாள். ஒரு வாரம் ஆகியிருந்தது. எதுவும் தங்காத தலையில் அந்தப் பெட்டி தங்கியிருந்தது.

அதற்கப்புறம் அவளால் கொண்டுவராமல் இருக்க முடியவில்லை. தொக்சு அதை வேலையாக எடுத்துக்கொண்டார். முகம் கழுவி, தலை சீவி, தளத்துச் சீருடையின் மேல்சட்டையை மாட்டிக்கொண்டு உட்காருவார். வேலை நேரத்தில் வேலை உடுப்பு. கட்டைகளை அவர் கை வெல்டருடைய கையாகப் பிடித்தது. இரண்டு தகடு சேரும் இடத்தைப் பார்ப்பதுபோல் மூலையோடு மூலை சேர்த்துக் கண்ணைச் சுருக்கிப் பார்ப்பார். வார்த்தைகள் கோடையில் ஆறாயின. அறுவடைத் திருநாளுக்குள் பத்துக்கு மேல். இலை உதிரும்போது முழுசும் வந்துவிட்டது. தாஜோங் முதல் வார்த்தையைப் படித்தால் கடைசி வரைக்கும் அவரே சொல்லிவிடுவார்.

"பேரிக்காய், கம்பளி, பாலம், உப்பு, கழுதை…" வாய் ஓடும். முடித்துவிட்டு அவள் முகத்தைப் பார்ப்பார். முகம் மலரக் கூடாது என்ற விதி அவள் வீட்டில் செல்லவில்லை.

அது குணமில்லை என்று அவளுக்குத் தெரியும். ஒரே சோதனையைத் திரும்பத் திரும்ப வைத்தால் சோதனை மட்டும் நன்றாக வரும், மனிதன் இருந்த இடத்திலேயே இருப்பான். அதைப் பற்றித் தேர்வில் ஒரு பக்கம் எழுதி, நல்ல மதிப்பெண்ணும் வாங்கியிருந்தாள். வார்த்தையெல்லாம் சரியாகச் சொன்ன அன்று மத்தியானம்தான் அவர் கழிவறைக் கதவு என்று நினைத்துத் துணி அலமாரியைத் திறந்து நின்றார். அவள் நனைந்த இடத்தைத் துடைத்துவிட்டாள். அம்மாவிடம் சொல்லவில்லை.

வேலையில் அடிபட்டவர்களுக்குச் சிகிச்சைப் பணமும் துணை ஆள் கூலியும் கொடுக்கிற இழப்பீட்டு அலுவலகம் ஜனவரியில் அழைத்தது. சிகிச்சை நீண்டுகொண்டே போகிறது. முடிவாக ஒரு பரிசோதனை. இவருக்கு இன்னும் துணை ஆள் வேண்டுமா, வேலைக்குத் திரும்பலாமா என்று மருத்துவமனை சொல்லும். அதன்படி அலுவலகம் முடிவெடுக்கும்.

மூன்று பேரும் படகுபோல் ஆடுகிற பஸ்ஸில் பாலம் தாண்டிப் போனார்கள். தொக்சு வழியெல்லாம் வாய்க்குள் முனகிக்கொண்டு வந்தார். மாலிம் ஜெபம் என்று நினைத்தாள். தாஜோங்குக்குத் தெரியும்.

சோதனை அறையின் கதவைத் திறந்து வந்தவன் குவாக். அவள் துறையில் படித்து, அவளுக்கு நாலு வருஷம் முன்னால் வெளியேறிய சீனியர். கண்ணுக்குக் கீழே கறுத்து, சட்டைப் பையில் மூன்று பேனாவோடு இருந்தான். அவளைப் பார்த்துத் தலையசைத்தான். அவன் இடது கையில் பெட்டி இருந்தது. அதே நிறம், அதே பூட்டு. ஓரத்தில் தேய்ந்த இடம்கூட அவர்கள் பெட்டியில் தேய்ந்த இடம்தான். எல்லோரும் அங்கேதான் பிடித்துத் தூக்குவார்கள்.

அப்போது சொல்லியிருக்கலாம். அப்பா உள்ளே நுழைந்து, கதவு மூடுகிறவரைக்கும் நேரம் இருந்தது. சொன்னால் படிப்பு போகும். அது ஒன்று. இன்னொன்று, தொக்சு தலைக்கு எண்ணெய் வைத்துச் சீவி, சீருடைச் சட்டையைக் கழுத்துவரை பூட்டியிருந்தார். அறைக்குள் போகும்போது மகளைத் திரும்பிப் பார்த்தார். புது இடம், புது ஆள், அங்கே எல்லாம் மறந்துபோகும் என்று அவள் தனக்குள் சொல்லிக்கொண்டாள். மறந்துபோக வேண்டும் என்று வேண்டிக்கொண்டாள். கதவு மூடியது.

வெளியே வந்தபோது அவர் நடையே மாறியிருந்தது. மத்தியானம் துறைமுகத்துக் கடையில் காட் மீன் சூப்பு சாப்பிட்டார்கள். முட்டைப் பையை எடுத்து மகள் கிண்ணத்தில் போட்டார்.

"அந்தப் பையன் அசந்துட்டான்" என்றார். "அவன் படிக்கிறதுக்குள்ள நான் முன்னால போயிட்டேன். எல்லாம் சரி. ஒண்ணுகூட விடல."

"என்னத்த விடல?" என்று மாலிம் கேட்டாள்.

தாஜோங் சூப்பில் முள்ளைத் தேடிக்கொண்டிருந்தாள்.

சந்திரப் புத்தாண்டுக்கு முந்தின வாரம் அலுவலகத்தில் கூப்பிட்டுச் சொன்னார்கள். மேசைக்கு அந்தப் பக்கம் இருந்த ஆள் நல்ல மாதிரி. நல்ல செய்தி என்றுதான் ஆரம்பித்தார். ஞாபகம், யோசனை, கவனம் எல்லாம் வயசுக்குத் தக்க அளவில் இருக்கிறது. துணை ஆள் தேவையில்லை. சிகிச்சை இத்தோடு முடிந்தது. வேலைக்குப் போகலாம்.

தொக்சு எழுந்து இடுப்புவரை குனிந்து வணங்கினார். உட்கார்ந்தார், மறுபடி எழுந்து வணங்கினார்.

"இவருக்கு வீட்டுக்கு வழி தெரியாதுங்க" என்றாள் மாலிம்.

"சோதனையில அப்படி வரலையேம்மா."

"சோதனை என்ன எங்க வீட்டுலயா குடியிருக்கு? நான் குடியிருக்கேன்."

"தாஜோங் அம்மா, நீ சும்மா இரு" என்று மனைவியை அடக்கினார் தொக்சு. "ஆபீசருக்கு வேற வேலை இருக்கு."

மறுநாள் தாஜோங் தனியாகப் பாலம் தாண்டிப் போனாள். குவாக் மருத்துவமனைச் சாப்பாட்டுக் கூடத்தில் முள்ளங்கிக் கிம்ச்சியைக் குளிர்ந்த சோற்றோடு விழுங்கிக்கொண்டிருந்தான். அவள் எதிரே உட்கார்ந்து, வசந்தத்திலிருந்து ஒன்றுவிடாமல் சொன்னாள். அவன் சாப்பாட்டுக் குச்சியைக் கீழே வைக்கவில்லை. மெல்லுவது மட்டும் நின்றது.

"உங்கப்பா நாலாவது வார்த்தைய நான் படிக்கிறதுக்கு முன்னாலயே சொன்னாரு" என்றான். "கவனிச்சேன்."

"கவனிச்சும் ஏன் நிறுத்தல, சீனியர்?"

"வேற ஏதாவது ஆஸ்பத்திரியில பாத்திருப்பாருன்னு நினைச்சேன். வெளியே இன்னும் அஞ்சு பேரு உக்காந்திருந்தாங்க. நிறுத்தினா அன்னைக்கு முழுக்க அறிக்கை எழுதணும்." சோற்றைக் கிளறிவிட்டு, "நினைச்சேன்னு சொல்றதுகூடப் பொய். நினைக்கவே இல்ல" என்றான்.

"வேற சோதனை வையுங்க."

"ஒரு வருஷம் ஆகணும். திரும்ப வச்சா பழக்கத்துல மார்க் ஏறும்னு ஒரு விதி இருக்குல்ல? அந்த விதிதான். நீ பரீட்சையில எழுதியிருப்ப."

"நான் சொல்லிக் கொடுத்ததாலதான் வந்துச்சுன்னு எழுதிக் கொடுக்கிறேன். கையெழுத்துப் போடுறேன். என் படிப்பு போனாப் போகட்டும்."

குவாக் அப்போதுதான் குச்சியைக் கீழே வைத்தான். பக்கத்து மேசையில் ஒருவர் ஒற்றைக் கையால் ஆரஞ்சு உரிக்கப் பழகிக்கொண்டிருந்தார். அவர் தோலை முழுசாக எடுக்கிறவரை பார்த்துக்கொண்டிருந்துவிட்டுச் சொன்னான்.

"எழுதிக் குடு. ஆபீஸ்ல என்ன சொல்லுவாங்க தெரியுமா? மகள் சொல்லிக் குடுத்தா கத்துக்கிறாரு. ஒன்பது மாசத்துல கத்துக்கிட்டாரு. கத்துக்கிற ஆளு வேலை செய்யுற ஆளுதானே? உன் படிப்பும் போகும், அவரு வேலைக்கும் போவாரு. நம்ம துறைப் பிள்ளைங்கள இங்க பயிற்சிக்கு விடமாட்டாங்க. அவ்வளவுதான் நடக்கும்." தட்டை எடுத்துக்கொண்டு எழுந்தான். "நீ சொன்னத நான் கேக்கல. கேட்டதா வச்சுக்கிட்டா நான் தூங்க முடியாது. இப்பவே தூங்குறதில்ல."

அவள் அந்தச் சாப்பாட்டுக் கூடத்திலேயே ரொம்ப நேரம் உட்கார்ந்திருந்தாள். அவன் சொன்னதில் எங்கே ஓட்டை என்று தேடினாள். ஓட்டை இல்லை.

ஊருக்கு வந்து நேராகக் கொட்டகைக்குப் போனாள். நீராவியும் உப்பு நாற்றமுமாக, பெண்கள் வரிசையாக நின்று சிப்பி உரித்துக்கொண்டிருந்தார்கள். தொக்சு மூலையில் ஒரு பிளாஸ்டிக் வாளியைக் கவிழ்த்து உட்கார்ந்திருந்தார். இனி மாலிமுக்குத் துணை ஆள் கூலி கிடையாது. கொட்டகைக்கு எல்லா நாளும் வர வேண்டும். வந்தால் அவரையும் கூட்டிக்கொண்டுதான் வர வேண்டும். பெண்கள் அவரைக் கிண்டல் செய்துகொண்டிருந்தார்கள். மேஸ்திரி வந்துவிட்டார், வேகமாக உரியுங்கள் என்றாள் ஒருத்தி. மேஸ்திரிக்குச் சம்பளம் சிப்பியாகவா, முத்தமாகவா என்றாள் இன்னொருத்தி. தொக்சு சிரித்தார்.

தாஜோங் அம்மா பக்கத்தில் நின்று தாழ்ந்த குரலில் எல்லாவற்றையும் சொன்னாள். மாலிமின் கத்தி நிற்கவில்லை. ஓட்டைத் திறந்து, சதையை வெட்டி, கிண்ணத்தில் போட்டு, ஓட்டைப் பின்னால் எறிந்தாள். அடுத்தது. அடுத்தது.

"அப்ப அவரு பஸ்ஸுல முனகிக்கிட்டு வந்தது அதுதானா?"

"ஆமாம்மா."

"நான் சாமி கும்பிடுறாருன்னு நினைச்சு நானும் கும்பிட்டேன்." இன்னும் இரண்டு சிப்பி திறந்தாள். "நீ என் வயித்துல பொறந்த பிள்ளை. இல்லைன்னா இந்தக் கத்திய உன் கண்ணுல இறக்கியிருப்பேன். போ. தள்ளி நில்லு. வெளிச்சத்த மறைக்கிற."

இரவுச் சாப்பாட்டின்போது அப்பாவிடமும் சொன்னாள். மேசையில் கடல்பாசி சூப்பும் வறுத்த நெத்திலியும் இருந்தன. அவருக்குப் புரியும்படி, படிப்பில் கற்றுக்கொடுத்த மாதிரி, சின்னச் சின்ன வாக்கியமாகச் சொன்னாள். நாம் வீட்டில் பழகினோம். அதையே அங்கே கேட்டார்கள். அதனால்தான் எல்லாம் தெரிந்தது. உங்கள் தலை இன்னும் சரியாகவில்லை. வேலைக்குப் போகக் கூடாது.

தொக்சு சூப்பை முழுசாகக் குடித்துவிட்டுக் கிண்ணத்தை வைத்தார். முகம் மெதுவாக இறங்கியது, காற்று போகிற மிதவை மாதிரி.

"அப்ப நான் ஒண்ணும் சொல்லலையா?"

"சொன்னீங்கப்பா. ஆனா…"

"கிளிகூடத்தான் சொல்லும்." எழுந்து போய்ச் சீருடைச் சட்டையைக் கழற்றினார். மடித்தார். மடிக்க வராமல் சுருட்டி அலமாரிக்குள் தள்ளினார். சுவரைப் பார்த்துப் படுத்துக்கொண்டார். மாலிம் போர்வையை இழுத்துவிடப் போனபோது, அவர் தோள் குலுங்கிக்கொண்டிருந்தது.

காலையில் தாஜோங் எழுந்தபோது தொக்சு முகம் கழுவி, அதே சட்டையைப் போட்டு, சுருக்கத்தைக் கையால் நீவிக்கொண்டிருந்தார்.

"கேட்டியா?" என்றார். முகமெல்லாம் பளபளவென்று இருந்தது. "எல்லாம் சரியாச் சொல்லிட்டேன். வேலைக்குப் போகலாம்னு ஆபீசரே சொல்லிட்டாரு."

அவள் மறுபடியும் சொல்ல வாயெடுத்தாள். மாலிம் அடுப்படியிலிருந்து வந்து அவள் கையைப் பிடித்தாள். உப்பில் ஊறி வெடித்த கை. பிடித்த பிடியில் தாஜோங்குக்கு வலித்தது.

"தினமும் கொல்லப் போறியா?" என்றாள் மாலிம். "ஒரு நாளைக்கு ஒரு தரம்? இல்ல, வேளைக்கு ஒரு தரமா?"

தாஜோங் அன்றைக்குச் சொல்லவில்லை. அதற்கப்புறமும் சொல்லவில்லை.

புத்தாண்டு முடிந்த வாரம், ஹா தல்சிக் பேரிக்காய்ப் பெட்டியோடு வந்தான். தொக்சுவிடம் தொழில் பழகி, இப்போது ஒப்பந்தக் கம்பெனியில் குழுத் தலைவனாக இருப்பவன். தளத்தில் கப்பல் குவிந்து கிடக்கிறது, வெல்டர் இல்லை. இருக்கிற பையன்கள் பாதிப் பேர் கடல் தாண்டி வந்தவர்கள், அவர்களும் பழகியதும் வேறு ஊருக்குப் போய்விடுகிறார்கள் என்று புலம்பினான். பழைய துண்டுத் தகடு ஒன்று கொண்டுவந்திருந்தான். பின்கட்டில் வெல்டிங் இயந்திரத்தை மாட்டி, "அண்ணே, சும்மா ஒரு கோடு" என்றான்.

தொக்சு முகக்கவசத்தை இறக்கினார். கோடு ஒரே சீராக ஓடியது. தல்சிக் ஆறின தையலை விரலால் தடவிப் பார்த்தான்.

"என் குழுவுல ஒருத்தனுக்கும் இது வராது அண்ணி."

"கைக்கு வரும்" என்றாள் மாலிம். "காஸ மூடினமா இல்லையான்னு தலைக்கு வராது. உள்ள ஆளு இருக்கா, போயாச்சான்னு தலைக்கு வராது. எந்த ஏணியில ஏறினோம்னு தெரியாது தல்சிக். உன் கால்ல விழறேன்."

"என் ஆளுங்கள்ல பாதிப் பேருக்குத் தெரியாது அண்ணி. ராத்திரி சோஜு போதை, காலையில ஏணி. அதுக்குத்தானே பொறி பாத்துக்கத் தீக்காவலுன்னு ஒரு ஆளப் பக்கத்துல நிறுத்துறோம்." தகட்டை ஓரமாகச் சாய்த்து வைத்தான். "தீக்காவலுக்கு இருந்த பொம்பளையும் போன வாரம் நின்னுட்டா. ஆள் தேடணும்."

என்னைச் சேர்க்கவில்லை என்றால் வேறு குழுவுக்கு நானே போய்க் கேட்பேன் என்று தொக்சு சொன்னார். போவார். தெருவில் எவன் கூப்பிட்டாலும் போவார். வேலைக்குத் தகுதி என்று அரசாங்கமே சொன்ன ஆள்.

மாலிமின் முட்டி ஏணிக்கு ஆகாது. அது எல்லோருக்கும் தெரியும் என்பதால் யாரும் அவளைப் பார்க்கவில்லை.

"நான் நிக்கிறேன்" என்றாள் தாஜோங்.

"நீ படிக்கிற பிள்ளை" என்றான் தல்சிக்.

"தீக்காவலுக்கு என்ன படிக்கணும்?"

மார்ச்சில் வகுப்பு திறக்கும் வாரத்தில் அவள் துறை அலுவலகத்துக்குப் போன் செய்தாள். விடுப்பா, முழுசாக நிறுத்தமா என்று கேட்டார்கள். நிறுத்தம் என்றாள். காரணம் கேட்டதற்கு, வீட்டில் ஆள் இல்லை என்று சொன்னாள். பேராசிரியர் ஒரு முறை அழைத்து, உனக்கு நல்ல கை இருக்கிறது, கேள்வியை இவ்வளவு சமமாகக் கேட்கிற மாணவி எனக்குக் கிடைத்ததில்லை என்றார். அவள் நன்றி சொல்லி வைத்துவிட்டாள்.

கப்பலின் அடித்தொட்டிக்குள் வெயிலும் கிடையாது, காற்றும் கிடையாது. இரும்பின் குளிர் பூட்ஸ் வழியாக ஏறும். ஒரு இடத்தில் சுத்தியல் அடித்தால் எல்லா இடத்திலும் கேட்கும். தாஜோங்குக்குக் காது அடைப்பு, கண்ணாடி, தூசி முகமூடி, தலைக்கவசம். கையில் தீயணைப்பான், பக்கத்தில் தண்ணீர் வாளி, ஈரக் கோணி. முதல் நாள் தல்சிக் வேலையைச் சொல்லிக் கொடுத்தான்.

"வெல்டரப் பாக்காத. பாத்தா கண்ணு போயிடும். பொறி எங்க விழுதோ அங்க பாரு. எண்ணெய்த் துணி, பெயின்ட், குப்பை. பொறி விழுற வரைக்கும் பாரு, விழுந்து அணையிற வரைக்கும் பாரு. மேல யாரு என்ன பண்றாங்கன்னு உனக்கு வேண்டாம். போன வருஷம் ஒருத்தி மேல பாத்தா. கீழ மூணு பேரு வெந்தாங்க."

மேலே பார்ப்பதற்காகத்தான் அவள் வந்தாள். அதை அவனிடம் சொல்லவில்லை.

முதல் வாரம் இடைவேளைக்கு அவள் முகமூடியை இறக்கியதும் தொக்சு திடுக்கிடுவார். நீ எங்கே இங்கே, காலேஜ் இல்லையா என்பார். படிப்பை நிறுத்திவிட்டதை அவள் சொல்வாள். அவருக்கு முகம் இறங்கும். அடுத்த இடைவேளையில் மறுபடியும் திடுக்கிடுவார், மறுபடியும் முகம் இறங்கும். இரண்டாவது வாரத்திலிருந்து அவள் இடைவேளைக்கு வேறு பக்கம் போய் நின்றுகொண்டாள். அவர் எதிரே முகமூடியை இறக்குவதில்லை.

ஒரு வியாழக்கிழமை காலை, ஏணியடியில் நின்று கம்பிச் சுருளைத் தோளில் மாட்டிக்கொண்டே தொக்சு அவளைப் பார்த்தார். இரும்புச் சத்தத்துக்கு மேல் கேட்கும்படி உரக்கப் பேசினார்.

"ஏம்மா, புதுசா?"

"ஆமா ஐயா."

"பயப்படாத. ஒரு மாசத்துல பழகிடும். எந்த ஊரு?"

"இங்கதான்."

"எனக்கும் உன் வயசுல ஒரு பொண்ணு இருக்கா. தேகுல படிக்கிறா. அடிபட்டவங்கள எல்லாம் சரி பண்ற படிப்பு. நான் ஒருக்கா மேலேருந்து விழுந்துட்டேன். அவதான் என்னச் சரி பண்ணா." கையுறையைப் பல்லால் இழுத்து மாட்டினார். "வாராவாரம் வந்துடுவா. இந்தச் சனிக்கிழமையும் வருவா."

 பெட்டியோடு எதிரே உட்காரும்போது இருக்கவேண்டிய முறை அவளுக்குத் தெரியும். தலை ஆடாமல், முகம் மாறாமல் நின்றாள். முகமூடிக்குள் மூச்சு ஈரமாக இருந்தது.

"நல்லாப் படிச்சிருந்தா நீயும் இங்க வந்திருக்க வேண்டாம்" என்றார் தொக்சு, கண்டிப்பாக இல்லாமல், ஒரு தகப்பன் மாதிரி. பிறகு ஏணியில் கை வைத்தார். ஏறும்போது இடுப்புக் கயிற்றின் கொக்கி பின்னால் தொங்கிக்கொண்டு படிக்குப் படி தட்டியது. மேலே போனதும், விழாமல் இருக்க, அதைக் கம்பியில் மாட்ட வேண்டும். அவள் அண்ணாந்து பார்த்தாள். அவர் பலகையில் மண்டியிட்டார், தோளைக் குலுக்கினார், கை இடுப்புக்குப் போனது. இடுப்பிலேயே நின்றது. எதற்கு அங்கே போனோம் என்று யோசிப்பதுபோல் நின்றது.

தொட்டியின் மறுமுனையில் தல்சிக் விசில் அடித்தான். தொக்சு கையை இடுப்பிலிருந்து எடுத்து முகக்கவசத்தை இறக்கினார். "ஐயா, கொக்கி" என்று அவள் கத்தினாள். அவர் காதிலும் அடைப்பு இருந்தது. "அப்பா" என்று கத்தினாள்.

நீல வெளிச்சம் வெடித்தது. பொறிகள் பொலபொலவென்று இறங்கி வந்து, அவள் காலடியில் சுருண்டு கிடந்த எண்ணெய்த் துணியைச் சுற்றிச் சிதறின. எதிர்த் தடுப்பில் இரண்டு பையன்கள் குனிந்து தகடு தேய்த்துக்கொண்டிருந்தார்கள். தாஜோங் தலையைக் குனிந்துகொண்டு, ஒவ்வொரு பொறியும் அணைகிறவரை பார்த்துக்கொண்டிருந்தாள்.